கரண்ட் பில் ரேட்டை முடிவு செய்வது யார்? நீங்கள் ஓட்டுப் போடாத மூன்று பேர்!

ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். மின் இணைப்பு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி. அதைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "என்ன இது, போன தடவையை விட இவ்வளவு ஜாஸ்தி?" ரெண்டாவது கேள்வி: "இந்த ரேட்டை யார்தான் வைக்கிறாங்க?"

ஈ.பி. ஆபீஸா? மின்துறை அமைச்சரா? முதலமைச்சரா? நம்மில் பலர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வோம். ஆனால் சட்டப்படி சரியான பதில் வேறு. ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதில் ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள் என மொத்தம் மூன்று பேர். இந்த மூன்று பேரில் யாரும் தேர்தலில் நின்றவர்கள் இல்லை. உங்களிடம் வந்து ஓட்டுக் கேட்டதும் இல்லை.

"ஜனநாயக நாட்டில், ஓட்டு வாங்காத மூன்று பேர் கோடிக்கணக்கான வீடுகளின் பில்லை எப்படி முடிவு செய்யலாம்?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நேரடியாக ஒரு பலனும் உண்டு. கரண்ட் பில் பற்றிய எந்தக் குறையை எந்தக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்பது புரிந்துவிடும்.

யார் இந்த மூன்று பேர்?

முன்பு மின்சாரத்தை உற்பத்தி செய்தது, கொண்டு வந்தது, விற்றது, விலை வைத்தது எல்லாமே மின்சார வாரியமும் அரசும்தான். கடைக்காரரே தராசையும் வைத்துக்கொண்டு விலைப்பட்டியலையும் எழுதியது போல. 1998-இல் மத்திய அரசு மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன்படி 1999-இல் தமிழ்நாட்டு ஆணையம் அமைந்தது. பிறகு மின்சாரச் சட்டம், 2003 வந்து, ஆணையத்தின் அதிகாரங்களை விரிவாக எழுதி வைத்தது. இன்று நடைமுறையில் இருப்பது இந்தச் சட்டம்தான்.

அரசு தனக்குப் பிடித்தவர்களை நேரடியாக இதில் உட்கார வைத்துவிட முடியாது. முதலில் ஒரு தேர்வுக்குழு அமைக்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர்தான் அதன் தலைவர். தலைமைச் செயலாளரும், மத்திய மின்சார ஆணையம் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரும் அதன் உறுப்பினர்கள். காலியாக உள்ள ஒவ்வொரு பதவிக்கும் இந்தக் குழு இரண்டு பெயர்களைப் பரிந்துரைக்கும். அதிலிருந்து ஒருவரை அரசு நியமிக்கும்.

பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை போன்ற துறைகளில் அறிவும் திறமையும் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பதவிக்காலம் 5 ஆண்டுகள். 65 வயதுக்கு மேல் தொடர முடியாது. அதே பதவிக்கு மறுபடி நியமனம் கிடையாது. பதவியை விட்டு இறங்கிய பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு வணிக நிறுவனம் எதிலும் வேலைக்குச் சேரக்கூடாது. மறுநியமனம் கிடையாது என்பதால் அரசுக்குப் பிடித்த மாதிரி நடக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ஆண்டுத் தடை இருப்பதால், "நாளைக்கு இந்தக் கம்பெனியில் சேரலாம்" என்று கணக்குப் போட்டுத் தீர்ப்பு எழுதவும் வழி இல்லை.

சரி, எதற்கு இந்தத் தனி ஏற்பாடு?

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், தேர்தல் நெருங்கும்போது கட்டணத்தை ஏற்றுவது கஷ்டம். அதே நேரத்தில் நிலக்கரி விலை, வாங்கும் மின்சாரத்தின் விலை, ஊழியர் சம்பளம் எதுவும் தேர்தலுக்காகக் காத்திருக்காது. வரவை விடச் செலவு கூடும்போது, அந்த இடைவெளியைக் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2014 டிசம்பர் 12-இல் கட்டணம் உயர்ந்தது. அதன் பிறகு வீடுகளுக்குப் பெரிய உயர்வு வந்தது 2022 செப்டம்பர் 10-இல்தான். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் பில் குறைவாக வந்தது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் மின் பகிர்மானக் கழகத்தின் கடன் 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் கடனுக்கான வட்டியும் மின்சாரத்தின் செலவுக் கணக்கில்தான் சேரும். கடைசியில் 2022-இல் உயர்வு மொத்தமாக வந்தபோது வலித்தது.

ஆணையம் இருந்தும் ஏன் எட்டு ஆண்டுகள் இடைவெளி? இது நியாயமான கேள்வி. வழக்கமாக விநியோக நிறுவனம் விண்ணப்பித்தால்தான் கட்டணத் திருத்தம் தொடங்கும். விண்ணப்பம் தாமதமானால் ஆணையமே தானாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் எல்லா மாநில ஆணையங்களுக்கும் சொன்னது. தமிழ்நாட்டில் 2014 உயர்வு அப்படி ஆணையம் தானே முன்வந்து எடுத்ததுதான். ஆனால் அது ஒவ்வொரு ஆண்டும் நடக்கவில்லை. நிபுணர் அமைப்பு ஒன்று இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அது நேரத்தில் செயல்படவும் வேண்டும்.

கணக்கு ஆணையத்துடையது, சலுகை அரசுடையது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணையம் சொல்வது, "இந்த அளவு மின்சாரத்துக்கு நியாயமாக இவ்வளவு வாங்கலாம்" என்பதை. அந்தக் கட்டணத்தை விடக் குறைவாக ஒரு பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசு நினைத்தால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த வித்தியாசத்தை அரசு தன் பட்ஜெட்டிலிருந்து விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு சொல்வது இதுதான். 2016 மே முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரமும், விவசாய பம்ப்செட்டுகளுக்கான இலவச மின்சாரமும் இப்படித்தான் வருகின்றன.

2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். (இப்போதைய ரேட் மாறியிருக்கிறது; முறை புரிவதற்காக மட்டும் இது.)

ஒரு வீட்டில் ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடியது. ஆணையம் நிர்ணயித்த கட்டணம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அப்படியானால் மொத்தம் 900 ரூபாய். ஆனால் அந்த வீட்டுக்கு வந்த பில் 225 ரூபாய் மட்டுமே. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு அரசு பாதியை ஏற்றுக்கொண்டது. மீதி 675 ரூபாய் அரசு மானியம்.

இப்போது இன்னொரு வீடு. இங்கே 500 யூனிட். பில் 1,725 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 யூனிட். பில் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் வித்தியாசம்! "இது என்ன அநியாயம்?" என்று ஆணையத்தைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 233 ரூபாயில் ஆணையம் வைத்த கட்டணம் 8 ரூபாய்தான், அதாவது 501-ஆவது யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், 500-ஐத் தாண்டியதால் நின்றுபோன மானியம். 500-இல் கோடு போடுவதா, 600-இல் போடுவதா என்பது அரசின் முடிவு. அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் எம்.எல்.ஏ.வும் சட்டமன்றமும்தான்.

ஓட்டுப் போடாத மூன்று பேருக்கும், ஓட்டுப் போட்ட அரசுக்கும் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று புரிகிறதா? செலவு எவ்வளவு என்பது கணக்கு. அதற்கு நிபுணர் வேண்டும். அந்தச் செலவில் யாருடைய சுமையைக் குறைக்க வேண்டும் என்பது கொள்கை. அதற்கு மக்களின் ஓட்டு வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தால், சலுகையின் உண்மையான விலை யாருக்கும் தெரியாமல் கடனுக்குள் ஒளிந்துகொள்ளும். பிரித்து வைத்தால் பட்ஜெட்டில் ஒரு தொகையாக வெளியே தெரியும். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கலாம்.

அப்போ ஆணையத்துக்குக் கடிவாளம் எது?

"ஓட்டும் கிடையாது, நினைத்த மாதிரி மாற்றவும் முடியாது என்றால், அவர்கள் இஷ்டத்துக்கு நடக்க மாட்டார்களா?" என்று கேட்கலாம். சட்டம் நான்கு கடிவாளங்களைப் போட்டிருக்கிறது.

ஒன்று, உங்கள் பேச்சைக் கேட்டாக வேண்டும். கட்டணத்தை மாற்றக் கோரும் விண்ணப்பத்தின் சுருக்கத்தை விநியோக நிறுவனம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். மக்கள் தரும் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகு, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். 2022-இல் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. இந்தக் கூட்டத்தில் பேசத் தொழில் நிறுவனமோ சங்கமோ வைத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மின் இணைப்பு வைத்திருக்கும் யாரும் பேசலாம்.

இரண்டு, காரணத்தை எழுத வேண்டும். "ஏற்றியாச்சு" என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. எந்தச் செலவை ஏற்றார்கள், எதை வெட்டினார்கள், ஏன் என்பதெல்லாம் ஆணையில் எழுத்தில் இருக்கும். விநியோக நிறுவனம் காட்டும் எல்லாச் செலவையும் அப்படியே நம் தலையில் கட்ட முடியாது. உதாரணமாக, மின்சாரம் கம்பி வழியே வரும்போது ஒரு பகுதி இழப்பாகும். அந்த இழப்புக்கு ஆணையம் ஒரு வரம்பு வைக்கும். வரம்பைத் தாண்டிய இழப்பு நிறுவனத்தின் பொறுப்பு. நுகர்வோர் பில்லில் ஏறக்கூடாது.

மூன்று, மேல்முறையீடு உண்டு. ஆணையத்தின் முடிவு தவறு என்று பட்டால், டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கிருந்து சட்டப் பிரச்சினையின் பேரில் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆணையத்தின் அமைப்பையே கூட நீதிமன்றம் கேள்வி கேட்கும். இந்த ஆணையங்கள் நீதிமன்றம் போலவும் விசாரணை செய்வதால், குறைந்தது ஒரு உறுப்பினராவது சட்டத்துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னது. 2022-இல் தமிழ்நாட்டுக் கட்டண விவகாரத்திலும் இதே கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது.

நான்கு, சட்டமன்றம் பார்க்கும். ஆணையத்தின் ஆண்டறிக்கையும் கணக்குகளும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு ஆணையத்துக்கு எழுத்துப்பூர்வமாக வழிகாட்டுதல் தரலாம். எதுவானாலும் எழுத்தில், வெளிப்படையாக. போனில் கூப்பிட்டு "இப்படிப் பண்ணிடுங்க" என்று சொல்லும் ஏற்பாடு இல்லை.

மக்கள் கேட்டால் மாறுமா?

மாறும். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். 2022 கட்டண ஆணையில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு போன்றவற்றுக்கு, தனிக் கட்டணம் வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய். நீச்சல் குளமும் ஜிம்மும் உள்ள பெரிய வளாகத்துக்கும், நாலு வீடு உள்ள சின்ன கட்டடத்துக்கும் ஒரே ரேட். "எங்களுக்கு லிஃப்ட் கூட இல்லையே, நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று சின்னக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

2023 அக்டோபரில் அரசு ஒரு சலுகையை அறிவித்தது. 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் 5 ரூபாய் 50 காசாகக் குறையும் என்று. நிபுணர் அமைப்பு பொதுவாக வரைந்த கோடு, சின்ன கட்டடங்களின் நிலையைக் கவனிக்கவில்லை. அதை மக்கள் சொன்னார்கள், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு காதில் வாங்கியது, கட்டணம் திருத்தப்பட்டது. கணக்குத் தெரிந்தவருக்கு எல்லோர் வீட்டு மாடிப்படியும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது மாடிப்படி ஏறுபவர்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கட்டண விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில், அட்டவணைகளும் தொழில்நுட்ப வார்த்தைகளுமாக இருக்கும். தொழில் அமைப்புகளிடம் அதைப் படித்துச் சொல்ல ஆடிட்டரும் வக்கீலும் உண்டு. ஒரு சாதாரணக் குடும்பத்திடம் அது இல்லை. சட்டம் கதவை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் தயாராக வருபவரின் குரல்தான் உள்ளே தெளிவாகக் கேட்கிறது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

கரண்ட் போய்விட்டது, கம்பி அறுந்து கிடக்கிறது, மின்னழுத்தம் குறைவு:
மின்னகம், 94987 94987. 24 மணி நேரமும் பேசலாம். அறுந்த கம்பி அருகே போகாதீர்கள், யாரையும் போக விடாதீர்கள்.

மீட்டர் தவறு, ரீடிங் தவறு, புதிய இணைப்பு தாமதம்:
முதலில் உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அங்கும் திருப்தி இல்லை என்றால் மின் குறைதீர்ப்பாளர். சேவைகளுக்கு இத்தனை நாள் என்று ஆணையம் கெடு விதித்திருக்கிறது. தாமதத்துக்கு இழப்பீடும் உண்டு, கேளுங்கள்.

யூனிட் ரேட்டே நியாயம் இல்லை, என் பிரிவுக்குத் தவறான கட்டணம்:
ஒழுங்குமுறை ஆணையம். கட்டண விண்ணப்பம் வெளியாகும்போது அதன் இணையதளத்தில் பார்க்கலாம். குறிப்பிட்ட தேதிக்குள் கருத்தை எழுதி அனுப்பலாம், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நேரிலும் பேசலாம்.

இலவச யூனிட், மானியம், 500 யூனிட் கோடு:
அரசும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரும்.

ஆணையத்துக்கு எழுதும்போது சில டிப்ஸ்: "கட்டணத்தை ஏற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அது ஒரு எண்ணிக்கையாகப் போய்விடும். உங்கள் பில்லை இணையுங்கள். எந்தக் கட்டணப் பிரிவு, எது பொருந்தவில்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று மூன்று பாராவில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

பில்லோடு முடியவில்லை

ஓட்டு வாங்காத நிபுணர்கள் முடிவு செய்யும் இடம் மின்சாரம் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுக் கடனின் ஈ.எம்.ஐ. ஏறுவதும் இறங்குவதும், ரிசர்வ் வங்கியின் 6 பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு எடுக்கும் வட்டி முடிவைப் பொறுத்தது. அங்கேயும் இதே வேலைப் பிரிவுதான். பணவீக்கம் 4 சதவீதமாக இருக்க வேண்டும், 2 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்ற இலக்கை வைப்பது மத்திய அரசு. அந்த இலக்கை எட்ட வட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது குழு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இலக்கு தவறினால், ஏன் தவறியது என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும்.

இப்படிப்பட்ட எந்த அமைப்பைப் பற்றிச் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவர்களை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முடிவுக்கு முன்னால் மக்களைக் கேட்கிறார்களா? காரணத்தை எழுத்தில் தருகிறார்களா? தவறு என்றால் மேலே போக வழி இருக்கிறதா? நான்குக்கும் "ஆமாம்" என்ற பதில் இருந்தால், அந்த அமைப்பு ஜனநாயகத்துக்கு வெளியே இல்லை. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், கேட்க வேண்டிய உரிமை உங்களுடையது.

ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. கருத்துக்கேட்பு அதற்கு இடையிலும் வரும். அடுத்த முறை "மின்கட்டணத் திருத்தம்: பொதுமக்கள் கருத்துக் கூறலாம்" என்ற அறிவிப்பைப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தேதியைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், கடைசியாக வந்த கரண்ட் பில்லை எடுத்து, எத்தனை யூனிட், எந்தப் பிரிவு, எவ்வளவு மானியம் என்று ஒரு தடவை பாருங்கள். கூட்டத்தில் பேசுவதற்கான முதல் வரி அதிலேயே கிடைத்துவிடும்.